ஒன்றாம் எண் பித்தளை வில்லை

“மேடம், இவர்தான் திருடர்னா சொல்லுங்க. நான் லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துட்டு ஒட்டகம் மேய்க்கப் போறேன்” என்றான் சித்தீக்.

மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் துபாயின் அல் கூஸ் பகுதித் தச்சுக்கூடத்தில் அந்த நேரம் பார்த்து ரம்பம் ஓடுவது நின்றது. நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

 ஜெயமணியின் கையில் ஒரு காகிதக் கோப்பை நிறையத் தேநீர் இருந்தது. கொடுத்தவர் தச்சர் பழனிச்சாமி; சித்தீக் சொன்ன ‘திருடர்’ அவர்தான். இந்த அம்மாள் ஒரு கையெழுத்துப் போட்டால் மாலை ஐந்து மணிக்கு விசா ரத்தாகி, நாளைக் காலை விமானத்தில் தன்னை ஏற்றிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், “வெயில்ல வந்திருக்கீங்க அம்மிணி, மொதல்ல இதக் குடிங்க” என்று நீட்டியிருந்தார். சர்க்கரை போதுமா என்றும் கேட்டார்.

ஜெயமணிக்கு வயது நாற்பத்தெட்டு. ஊர் ஈரோடு. பர் துபாயில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பு ஆய்வாளர். தொலைந்ததாகச் சொல்லப்படும் பொருள் உண்மையிலேயே தொலைந்ததா என்று பார்ப்பது அவள் வேலை. பதினாறு வருடங்களில் அவள் கண்டுகொண்டது, பாதிப் பொருள்கள் தொலைவதே இல்லை என்பது. கீழக்கரைக்காரனான சித்தீக் அவளுடைய டிரைவர். நிறுவனப் பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது. அவன் தன்னை உதவி ஆய்வாளர் என்று சொல்லிக்கொள்வதை அவள் மறுத்ததில்லை.

“மேம், இது ரொம்ப சிம்பிள் கேஸ்” என்றான் நிதின். தச்சுக்கூடத்தை நடத்தும் கம்பெனியின் நிர்வாக அலுவலர். துபாயிலேயே பிறந்து வளர்ந்த பையன். சட்டையில் ஒரு மடிப்பு கலையவில்லை. “கப்போர்டுக்கு ஒரே ஒரு சாவி. அது இவர் இடுப்புல. பொருள் உள்ள இருந்துச்சு, இப்ப இல்ல. வேற யாரு? நீங்க சைன் பண்ணா நான் பேப்பரை மூவ் பண்ணிடுவேன்.”

“பொருளைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க தம்பி.”

நிதின் சொல்வதற்குள் பழனிச்சாமி மேசை மேல் கிடந்த வெள்ளைத் துணியை விலக்கினார்.

துணிக்கு அடியில் ஒரு ஊர் இருந்தது.

இரண்டு கதவுகளைச் சேர்த்துப் போட்ட அளவுக்கு ஒரு பலகை. அதன் மேல் கம்பித் தண்டவாளம். தண்டவாளத்தை ஒட்டி ஒரு ரயில் நிலையம், உயரக் கால்களில் நிற்கும் தண்ணீர்த் தொட்டி, தானியக் கோபுரம், மணிக்கூண்டு வைத்த சிறிய மாதா கோயில், முடிதிருத்தகம், கொல்லன் பட்டறை, முப்பது முப்பத்தைந்து வீடுகள். எல்லாம் தேக்கிலும் வேங்கையிலும் இழைத்தவை. கட்டைவிரல் அகலச் சன்னல்களுக்குக்கூட கீல் இருந்தது.

அமெரிக்காவின் நடுவில், அயோவா மாநிலத்தின் சோளக்காடுகளுக்குள் கிடக்கும் ஹார்லோ ஜங்ஷன் அது. அந்தக் காலத்து நீராவி எஞ்சினுக்குச் சில மைலுக்கு ஒருமுறை தாகம் எடுக்கும். அது தண்ணீர் குடிக்க நின்ற இடத்தில் தொட்டி வந்தது; தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வந்தான்; அந்த ஆளுக்கு முடிவெட்ட ஒருவன் வந்தான். அப்படி 1883இல் பிறந்த ஊர். பிறகு எஞ்சின்களின் தாகம் தீர்ந்துபோனது. இப்போது ரயில் அங்கே நிற்பதில்லை. மிச்சமிருக்கும் நானூறு பேர் பழைய நிலையத்தை அருங்காட்சியகமாக்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் முறைவைத்துத் திறக்கிறார்கள். இந்த ஜூலையில் ஊருக்கு நூற்று இருபத்தைந்து வயது. துபாய் மெட்ரோ வேலைக்கு ஆலோசகராக வந்திருக்கும் ராய் ஹால்வர்சன் அந்த ஊர்க்காரர். அதன் முதல் ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கொள்ளுப் பேரன். விழாவுக்குத் தன் பரிசாக, ஊரின் பழைய உருவத்தையே மரத்தில் செய்து அனுப்ப நினைத்தார். பழனிச்சாமியும் இரண்டு தச்சர்களும் ஏழு மாதம் ஓய்வு நேரத்தில் உழைத்து அதை முடித்துவிட்டார்கள். இன்று பிற்பகல் விமானச் சரக்கில் ஏறுகிறது.

“இது யார் வீடுங்க?” என்று ஜெயமணி நிலையத்துக்கு எதிரே இருந்த மஞ்சள் வீட்டைக் காட்டினாள்.

“அது ஒரு விதவையம்மா வீடுங்க” என்றார் பழனிச்சாமி. “ரயில்ல வர்றவங்களுக்கு ஆப்பிள் வெச்சு அப்பம் சுட்டு விக்கும். நல்ல கைப்பக்குவம். ஸ்டேஷன் மாஸ்டர் ஒருக்கா, ரயிலுக்குள்ள ஏறி விக்கக் கூடாதுன்னு சட்டம் பேசிட்டாரு. அவ்வளவுதான், ஊரே பன்னெண்டு நாள் அவருக்கு வணக்கம் சொல்லலீங்க. பதிமூணாம் நாள் அவரே போயி மொத அப்பத்த வாங்கித் தின்னாரு.”

“எப்ப நடந்தது?” என்றான் சித்தீக்.

“ஆயிரத்தித் தொள்ளாயிரத்திப் பதினொண்ணுலீங்க பாய்.”

“நான் போன வாரம்னு நெனச்சேன்.”

“சார்கிட்ட அந்த ஊர்ப் பொஸ்தகம் இருக்குதுங்க. சோத்து நேரத்துல படிச்சுப் படிச்சுச் சொல்லுவாரு. பாதி இங்கிலீசு, பாதி கை ஜாடை. இப்ப அந்த ஊர்ல யார் வீட்டுல யாருக்குச் சண்டைன்னு கேளுங்க, எங்க கேம்ப்ல எல்லாருமே சொல்லுவாங்க.”

தொலைந்த பொருளுக்கும் அந்த ஊர்தான் பூர்வீகம். பயணி தன் பெட்டியை ரயிலில் ஏற்றும்போது எண் போட்ட ஒரு பித்தளை வில்லையைப் பெட்டியில் கட்டுவார்கள்; அதன் ஜோடியைப் பயணி கையில் கொடுப்பார்கள். இறங்கும் இடத்தில் வில்லையைக் காட்டினால் பெட்டி கிடைக்கும். ஹார்லோ ஜங்ஷனுக்கு முதல் ரயில் வந்த நாளில் கொடுத்த ஒன்றாம் எண் வில்லை, ஹால்வர்சன் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக இருந்தது. பெரிய நாணயம் மாதிரி உருவம், மேலே தோல் வார் நுழைக்க ஒரு நீளத் துளை. நிலையத்தின் பெயர்ப்பலகையில் அதே பாணியில் எழுத்து வர வேண்டுமென்று, இருமல் மிட்டாய் டப்பா ஒன்றில் போட்டு ஹால்வர்சன் அதைத் தச்சுக்கூடத்திலேயே வைத்திருந்தார். டப்பா இருந்த அலமாரியின் சாவிதான் பழனிச்சாமியின் இடுப்பில் இருந்தது.

“வியாழக்கிழமை என்ன நடந்ததுங்க?”

“மத்தியானம் சார் வந்தாரு. டப்பாவ வாங்குனாரு. பலகையப் பக்கத்துல வெச்சுப் பாத்தாரு. அன்னிக்குத்தான் ஸ்டேஷன் வாசலுக்கு நிலை வெச்சமுங்க. சாயங்காலம் பாத்தா டப்பா மேசை மேலயே இருந்துச்சு. மூடி வெச்சுப் பூட்டுனேன். உள்ள இருக்குதான்னு தொறந்து பாக்கலீங்க. வெள்ளிக்கிழமை லீவு. சனிக்கிழமை சார் வந்து தொறந்தாரு, காலி.”

நிலையத்தின் வாசல் நிலையில் கடுகளவு சந்தனமும் அதன் மேல் கடுகளவு குங்குமமும் இருப்பதை ஜெயமணி அப்போதுதான் பார்த்தாள். அயோவாவில் எந்த ரயில் நிலையத்துக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்திருக்காது.

“வேற யார் வந்தா?”

“யாருமில்லீங்க.”

“யாராவது வந்தாங்கன்னு ஒரு பேரு சொல்லக்கூடாதா?” என்று சித்தீக் முணுமுணுத்தான். “தன்னைக் காப்பாத்திக்கக்கூட இவருக்கு ஒரு பொய் வரலையே.”

“அது நமக்கு நல்லதுதான்” என்றாள் ஜெயமணி.

அப்போது வேலுச்சாமி உள்ளே வந்தார். இரண்டு தெரு தள்ளி இருக்கும் சலவைக் கடைக்காரர். துவைத்த உடுப்புக் கட்டை இறக்கிவிட்டு, வந்திருப்பது யார் என்று சித்தீக்கிடம் கண்ணால் கேட்டார். சித்தீக் தன்னை உதவி ஆய்வாளர் என்று அறிமுகம் செய்துகொண்டான். அந்தப் பட்டத்தைக் கேட்டதும் வேலுச்சாமியின் முகம் மாறியது. சித்தீக்கை மரக்கட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

இரண்டு நிமிடத்தில் சித்தீக் திரும்பி வந்தான். அவன் கண் நெற்றிக்கு ஏறியிருந்தது.

“மேடம், வண்டியில ஏறுங்க. அமெரிக்காக்காரர் பேன்ட் பாக்கெட்டுல ரத்தம்.”

சலவைக் கடை மூன்று ஆள் நிற்கும் அளவுதான். நீராவி வேறு. வேலுச்சாமி கதவைச் சாத்திவிட்டு, பலகைக்கு அடியிலிருந்து ஒரு நெகிழிப் பையை எடுத்தார். பைக்குள் ஒரு காக்கி நிறக் கால்சட்டை.

“வெள்ளிக்கிழமை அவரோட டிரைவர்கிட்டக் குடுத்து விட்டிருந்தாரும்மா. பாக்கெட்டைத் திருப்பிப் பாக்கிறது எங்க வழக்கம். பேனா கீனா இருக்கும்ல. திருப்புனேன், ஈரக்குலையே நடுங்கிருச்சு. நாளைக்குப் போலீஸ் வந்து, நீ ஏன்டா தொவைச்சேன்னு கேட்டா? அதான் தொடாம வெச்சிருக்கேன்.”

இடப்பக்கப் பாக்கெட்டின் வெள்ளை உள்துணி வெளியே தொங்கியது. அதில் விரல்கள் பட்ட மாதிரி நான்கு தீற்றல்கள். காய்ந்த செம்பழுப்பு நிறம்.

“நான் சொல்லட்டுமா?” என்றான் சித்தீக். “ஆளு இன்சூரன்ஸ் காசுக்காகத் தன் பொருளைத் தானே எடுத்திருக்காரு. வில்லையை எங்கயோ இடுக்குல சொருகும்போது கையை வெட்டிக்கிட்டாரு. அந்தக் கையோட பாக்கெட்டுக்குள்ள விட்டாரு. பழியைப் பழனிச்சாமி அண்ணன் தலையில போட்டாரு. கேஸ் கலாஸ், முடிஞ்சது.”

“பித்தளை வில்லைக்கு நம்ம கம்பெனி கொடுக்கிற தொகையில அவர் ரெண்டு நாள் பெட்ரோல் போட முடியாது சித்தீக்.”

“அப்ப வேற காரணம் இருக்கும். ரத்தம்னு ஒண்ணு இருந்தா காரணம் தானா வரும் மேடம்.”

ஜெயமணி துணியை முகத்தருகே கொண்டுபோனாள். சோப்பு வாசனை. பிறகு வேலுச்சாமியின் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாள். வெங்காயமும் அரை எலுமிச்சம்பழமும் இருந்தன.

“அந்தப் பழத்தை எடுத்துக்கலாங்களா?”

“எடுத்துக்கங்கம்மா. முழுசாவே இருக்கு, தரட்டுமா?”

“அரையே போதும்.”

கறையின் மேல் நான்கு சொட்டுப் பிழிந்தாள். மூவரும் குனிந்து பார்த்தார்கள். சிவப்பு, கண்ணெதிரே, வெட்கப்பட்டுக்கொண்டு மஞ்சளாக மாறியது.

சித்தீக் துணியை வாங்கி முகர்ந்து பார்த்தான். 

“ஈரோட்டுக்காரிகிட்ட வந்து மஞ்சளை ரத்தம்னு காட்டுறியே” என்றாள் ஜெயமணி. “எங்க அப்பா மஞ்சள் மண்டியில தராசு பிடிச்சவர். தினமும் அவர் வேட்டியை நான்தான் துவைப்பேன். சோப்புப் போட்டா மஞ்சள் சிவக்கும், புளிப்புப் பட்டா திரும்பி வரும். ஹால்வர்சன் ராத்திரி கறையைப் பாத்திருக்கார், சோப்பைத் தேய்ச்சிருக்கார், அது சிவக்கவும் பயந்துபோய் இங்க அனுப்பிட்டார். வேலுச்சாமி அண்ணா, இத்தனை வருஷமா துணி துவைக்கிறீங்க, உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும்மா” என்றார் வேலுச்சாமி பாவமாக. “ஆனா அமெரிக்காக்காரன் பாக்கெட்டுக்குள்ள மஞ்சள் இருக்கும்னு யாரு நெனப்பா?”

“அதைத்தான் நானும் யோசிக்கிறேன்” என்றாள் ஜெயமணி. “ஈர மஞ்சள் பூசின கை, எதுக்காகப் பாக்கெட்டுக்குள்ள போச்சு?”

திரும்பும் வழியில் நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு ஒலித்தது. சித்தீக் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான்.

“போயிட்டு வா. அவசரம்னு தொழுகையைக் குறைக்காதே” என்றாள்.

அவன் பள்ளிவாசலுக்குள் போனான். அவள் காரில் இருந்தபடியே பண்ணாரி அம்மனிடம், நான் போடப் போகிற கையெழுத்தால் ஒரு நல்லவன் சோற்றில் மண் விழக்கூடாது தாயே என்று கேட்டுக்கொண்டாள். இரண்டு விண்ணப்பங்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மேலே போயிருக்க வேண்டும்.

ஆனால் தச்சுக்கூடத்துக்கு வந்தபோது மேசை காலியாக இருந்தது. சரக்கு வண்டி ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து ஹார்லோ ஜங்ஷனைப் பெட்டி பெட்டியாக ஏற்றிப் போய்விட்டது. ஹால்வர்சன் நேராக விமான நிலையச் சரக்குக் கூடத்துக்குப் போயிருந்தார். பழனிச்சாமியை நிதின் தொழிலாளர் கேம்புக்கு அழைத்துப் போய்விட்டான், மூட்டை கட்ட.

“கையெழுத்தே போடலையே நீங்க” என்றான் சித்தீக்.

“போட்டுடுவேன்னு நிதின் தம்பி நம்புறாரு. பழனிச்சாமி நம்பரைப் போடு.”

பழனிச்சாமி எடுத்தார். பின்னால் யாரோ இரும்புப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்கும் சத்தம்.

“ஏனுங்க, நம்ம பக்கம் நிலை வைக்கிறப்ப அடியில மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வைப்பாங்கல்ல. ஸ்டேஷன் நிலைக்கும் வெச்சீங்களா?”

“வெக்காமங்களா அம்மிணி? சின்ன வீடோ பெரிய வீடோ, நிலை நிலைதானுங்க.”

“காசு யாரு போட்டது?”

“வீட்டுக்காரர் கையாலதான போடோணும்? ஒன்றரைக்கு ராகு காலம். சார் பலகையவே பாத்துக்கிட்டு நின்னாரு. நேரம் போகுது வாங்க வாங்கன்னு கையப் புடிச்சு இழுத்தாந்தேன். கையில மஞ்சத்தண்ணி ஊத்தி, மனசுல நெனச்சுட்டு உங்க கையால எதாச்சும் போடுங்கன்னு ஜாடை காட்டுனேன். சார் பாக்கெட்டுல கைய உட்டு ஒரே கொத்தா அள்ளிப் போட்டாரு.”

“என்னென்ன காசுன்னு பாத்தீங்களா?”

“ஐயோ, வீட்டுக்காரர் போடறத ஆசாரி எண்ணிப் பாக்கப்படாதுங்க. எங்கப்பன் காலத்துலயிருந்து அது வழக்கம். மூஞ்சியத் திருப்பிக்கிட்டு முடிச்சுப் போட்டு, அடியில வெச்சு, பசை போட்டு இறக்கிட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “ஏனுங்க?”

“ஒண்ணுமில்லீங்க. பெட்டியை மெதுவாவே கட்டுங்க.”

சித்தீக் வண்டியைக் கிளப்பியிருந்தான்.

சரக்குக் கூடத்தில் குளிர்சாதனக் காற்றும் அட்டைப்பெட்டி வாசனையும். ஜெயமணியின் ஆய்வாளர் அட்டைக்கு அங்கே மரியாதை உண்டு. ஹால்வர்சன் ஸ்கேன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, மகளைக் கல்யாணம் செய்து கொடுக்கிற தகப்பன் மாதிரி பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறடி மூன்றங்குலம். வெயிலில் பழுத்த முகம்.

“வருத்தமாகத்தான் இருக்கிறது” என்றார் அவளிடம் ஆங்கிலத்தில். “பழனியை நான் நண்பர் என்றே நினைத்திருந்தேன். ஆனால் டப்பா பூட்டுக்குள் இருந்தது. சாவி அவரிடம். நான் என்ன நினைப்பது?”

“வியாழக்கிழமை டப்பாவிலிருந்து வில்லையை எடுத்தீர்கள். பலகையோடு ஒப்பிட்டீர்கள். பிறகு?”

“திரும்ப வைத்தேன்.”

“எங்கே?”

“டப்பாவில்.” அவர் சொல்லிவிட்டு நின்றார். “டப்பாவில்தான் வைத்திருப்பேன். எப்போதும் அங்கேதான் வைப்பேன்.”

“கடைசிப் பெட்டி வருகிறது. நாம் இருவரும் திரையைப் பார்க்கலாமா?”

நிலையம் இருந்த பெட்டி உருளைகளின் மேல் நகர்ந்து உள்ளே போனது. திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டடம் எழுந்தது. ஊசியாணிகள், கீல்கள், கம்பித் தண்டவாளம். வாசலுக்கு நேர் கீழே, ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து கிடந்த கறுப்பு வட்டங்கள்.

இயந்திரத்தில் இருந்த அதிகாரி பட்டையை நிறுத்தினார். “யே க்யா ஹை, மேடம்?”

“காசுகள். கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டுங்கள், பாய்.”

பெரிதாக்கினார். ஏழு வட்டங்கள். ஆறு முழு வட்டங்கள். ஏழாவது அவற்றைவிடப் பெரியது. அதன் தலையில் நீளமாக ஒரு துளை.

ஹால்வர்சன் தன் இடப்பக்கப் பாக்கெட்டுக்குள் கையை விட்டார். அங்கே இருந்த எதையும் எடுக்கவில்லை. கையை வெளியே எடுத்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அவர் கூப்பிட்டார்” என்றார் மெதுவாக. “ஏதோ கெட்ட நேரம் வருகிறது, சீக்கிரம் என்று. நான் அவசரத்தில் அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு… கடவுளே. நான்தான் திருடன்.”

“திருடன் இல்லை சார்” என்றான் சித்தீக், தன் ஆங்கிலத்தில். “தானம் செய்தவர். ஆனால் இன்சூரன்ஸ் கிளெய்மோடு.”

அதிகாரி மேசையைத் தட்டினார். பட்டியலில் காசு இல்லை, பெட்டியைப் பிரிக்க வேண்டும் என்றார். பிரித்தால் நிலையைப் பெயர்க்க வேண்டும். பெயர்த்தால் வாசலே உடையும். ஜெயமணி அவருக்கு விஷயத்தை ஹிந்தியில் சொன்னாள். வீடு கட்டும்போது வாசலுக்கு அடியில் நல்லதை நினைத்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம் என்றாள். அவர் திரையை இன்னொரு முறை பார்த்தார். பேனாவை எடுத்து, பொருள் பட்டியலின் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: நாணயங்கள், ஏழு, நல்லெண்ணம். பட்டை நகர்ந்தது. அவர் பெயரைக் கேட்கவும் மறந்துவிட்டார்கள். இப்படிப் பெயர் தெரியாதவர்களால்தான் உலகம் பாதி நாள் ஓடுகிறது.

ஜெயமணி இழப்புப் படிவத்தை நீட்டினாள். ஹால்வர்சன் குறுக்கே கோடு போட்டு, தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

“நிதினுக்குப் போன் செய்து நிறுத்தச் சொல்கிறேன்” என்றார். எண்ணைப் பாதி அழுத்திவிட்டு நிறுத்தினார். “நிறுத்தச் சொல்ல போன் போதும். மற்றதற்கு நானே போக வேண்டும். உங்கள் காரில் இடம் உண்டா?”

காரில் அவர் சித்தீக்கிடம், தப்பு என்னுடையது என்பதற்குத் தமிழில் என்ன என்று கேட்டார். சித்தீக் வாயைத் திறந்தான். ஜெயமணி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். சித்தீக் சரியானதையே சொல்லிக் கொடுத்தான்.

கேம்பில் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்த நேரம். சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் நிதின் ஒட்டிய அறிவிப்பு இருந்தது. ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும். திருட்டுக் குற்றத்துக்காக, தச்சர் பழனிச்சாமி, விசா ரத்து. அதன் முன்னால் ஒரு கூட்டம். கூட்டத்துக்கு நடுவே, கயிறு கட்டிய இரும்புப் பெட்டியின் மேல் பழனிச்சாமி உட்கார்ந்திருந்தார்.

ஹால்வர்சன் நேரே அவர் முன்னால் போய் நின்றார்.

“தப்பு என் மேல” என்றார் தமிழில்.

 ஜெயமணி நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். பழனிச்சாமி எழுந்து நின்றார். அவர் முதலில் கேட்டது வேறு.

“ஊரு பத்திரமா ஏறிருச்சுங்களா?”

“ஏறிடுச்சுங்க.”

“தண்ணித் தொட்டியோட கால் ஒண்ணு கொஞ்சம் ஆட்டம். அதான் கவலையா இருந்துச்சு.” அப்புறம்தான் அவருக்குக் கண் கலங்கியது. தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டார். “சார்கிட்டச் சொல்லுங்க அம்மிணி. அத வெளிய எடுக்க வேண்டாம். நிலைக்கு அடியில வெச்சது வெச்சதுதான். அந்த ஊருக்கு நல்லது.”

ஜெயமணி சொன்னாள். ஹால்வர்சன் யோசித்தார். “அப்படியானால் எங்கள் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டியில் வில்லை இருக்காது. ஒரு சீட்டுத்தான் இருக்கும். ஒன்றாம் எண் இந்த வாசலுக்கு அடியில் இருக்கிறது, வைத்தவர் தச்சர் பழனிச்சாமி என்று. எங்கள் ஊரில் நம்புவார்கள். நம்பாவிட்டால் பன்னிரண்டு நாள் நான் வணக்கம் சொல்ல மாட்டேன்.”

நிதின் கதவருகே நின்றிருந்தான். சட்டையின் மடிப்பு இப்போது கொஞ்சம் கலைந்திருந்தது. “சாரி அண்ணா” என்றான். “கேன்சலேஷன் பேப்பரை நானே கிழிச்சுடறேன்.”

“அதக் கிழிச்சா போதுமா தம்பி?” என்றார் பழனிச்சாமி சுவரைக் காட்டி. “இத எரநூறு பேரு படிச்சாங்க. தமிழ் மட்டும் தெரிஞ்சவனுக்கு மத்தவன் படிச்சுச் சொன்னான். புதுசு ஒண்ணு ஒட்டோணும். தமிழ்ல.”

“என் கையெழுத்தோடு” என்றார் ஹால்வர்சன்.

காகிதம் வந்தது. எழுதுகிற வேலையைச் சித்தீக் தானாக ஏற்றுக்கொண்டான். நாக்கை ஓரமாகக் கடித்தபடி எட்டு வரி எழுதினான். ஜெயமணி வாங்கிப் படித்தாள். ஏழாவது வரி வரை தலையாட்டினாள். எட்டாவது வரியில் நின்றாள்.

“மிஸ்டர் ஹால்வர்சன், கையெழுத்துப் போடும் முன் இதை உங்களுக்கு மொழிபெயர்க்க வேண்டும். கடைசியில்…”

“வேண்டாம்” என்றார் அவர், பேனாவைத் திறந்தபடி. “நான் போட்டதைப் பார்க்காமல்தானே அவர் முடிந்து வைத்தார். அவர்கள் எழுதியதைப் பார்க்காமல் நான் போடுகிறேன்.”

“இல்லை, கடைசி வரியை மட்டுமாவது…”

போட்டுவிட்டார். பெரிய கையெழுத்து. நிதின் பழையதைக் கிழித்துப் புதியதை ஒட்டினான். முன்வரிசையில் இருந்தவன் உரக்கப் படித்தான். வில்லையை வைத்தது அதன் சொந்தக்காரரே. தச்சர் பழனிச்சாமி குற்றமற்றவர். அவரைச் சந்தேகித்ததற்கு வருந்துகிறேன். எட்டாவது வரிக்கு வந்தபோது கூடத்தின் கூரை கிளம்பிவிடும் போல ஒரு சத்தம் எழுந்தது. ஆட்கள் வந்து ஹால்வர்சனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

“நான் எதில் கையெழுத்துப் போட்டேன்?” என்றார் அவர், குலுங்கிக்கொண்டே.

“இன்று இரவு கேம்ப் முழுவதற்கும் உங்கள் செலவில் மட்டன் பிரியாணி” என்றாள் ஜெயமணி. “இருநூற்றுப் பன்னிரண்டு பேர். சொல்லத்தான் வந்தேன்.”

ஹால்வர்சன் சித்தீக்கைப் பார்த்தார். சித்தீக் விட்டத்தைப் பார்த்தான். அமெரிக்கர் சிரிக்க ஆரம்பித்தார். முடிக்கக் கொஞ்ச நேரமானது.

“நல்ல கடை எது?” என்று கேட்டார்.

எல்லாரும் ஆளுக்கொரு கடை சொன்னார்கள். அந்த இரைச்சலில் பழனிச்சாமி மட்டும் மெதுவாக வந்து சித்தீக்கின் முழங்கையைத் தொட்டார்.

“பாய், அந்த ஊரு போயிச் சேர்ற வரைக்கும் கவிச்சி தொடறதில்லீன்னு முருகனுக்கு வேண்டியிருக்கறன். தயிர்சாதம் ஒண்ணுன்னு கீழ ஒரு வரி சேத்த முடியுங்களா?”

சித்தீக் பேனாவை எடுத்து ஒன்பதாவது வரியை எழுதினான். ஹால்வர்சன் கையை நீட்டி, அதையும் பார்க்காமல், கீழே இன்னொரு கையெழுத்துப் போட்டார்.